அட்வான்ஸ்டு முடிந்தது, அடுத்து எது?

கேள்வி: ஜனவரி 4

ஸ்கூபா டைவிங்கில் ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு என்ற முதல் இரண்டு படிப்புகளையும் முடித்துவிட்டேன். லாக் புக்கில் 23 டைவ் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் "நேராக ரெஸ்க்யூ எடு" என்கிறார், அதாவது மீட்புப் படிப்பு. கூட வரும் நண்பன் "டீப் எடு, 40 மீட்டர் போகலாம்" என்கிறான், அது ஆழப் படிப்பு. இன்னொருவர் நைட்ராக்ஸ்தான், ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்றுக் கலவைக்கான படிப்புதான், முதலில் என்கிறார். எனக்கோ கடைசியில் டைவ்மாஸ்டர், மற்றவர்களைக் கூட்டிப்போகும் தொழில்முறை வழிகாட்டி, ஆக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

ஜனவரி 4, இரவு

ரெஸ்க்யூ. இதற்கு ரொம்ப யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு முப்பது டைவ் ஆகியிருந்த சமயம். மேலே வந்து படகுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அலை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. எங்களோடு வந்த ஒருவர் மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளிவிட்டார், வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டார். பிசிடியில், அதாவது காற்று நிரப்பி மிதக்கும் மேலங்கியில், காற்றே இல்லை. இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். உதவி செய்கிற வேகத்தில் நான் நேராக அவர் எதிரே போய் நின்றேன். அடுத்த நொடி அவர் என் தோள்மேல் ஏறிவிட்டார், நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். என் ரெகுலேட்டர் வாயிலேயே இருந்ததால்தான் மூச்சு விட முடிந்தது. கீழே இறங்கி விலக வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. படகிலிருந்து குதித்து வந்தவர்தான் எங்கள் இருவரையும் பிரித்தார்.

மாஸ்க்கைக் கழற்றுவதும் ரெகுலேட்டரைத் துப்புவதும் பீதியின் அடையாளங்கள். அப்படிப்பட்டவரின் கைக்கு எட்டும் தூரத்தில் முன்பக்கமாகப் போகவே கூடாது. இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன், நீங்கள் பாடமாகவே படித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 5, காலை

நேற்று எழுதியதில் அவசரம் இருக்கிறது. முடிவை மாற்றவில்லை, ஆனால் முன்னால் ஒரு படி விட்டுப்போய்விட்டது.

23 டைவ் என்ற எண் எனக்கு எதையும் சொல்லவில்லை. தெரிய வேண்டியது இதுதான்: 5 மீட்டரில் எந்தக் கயிற்றையும் பிடிக்காமல், காலை உதைக்காமல், மூன்று நிமிடம் நிற்க முடிகிறதா? அப்படி நிற்கும்போதே மாஸ்க்கைக் கழற்றி மாட்டித் தண்ணீரை வெளியேற்ற முடிகிறதா?

அட்வான்ஸ்டு என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடுகிறது. பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் படிப்பில் அது ஐந்தே ஐந்து டைவ். ஆழம், திசையறிதல் இரண்டும் கட்டாயம், மீதி மூன்று நம் விருப்பம். ஒவ்வொன்றும் அந்தத் துறையில் ஒரு முதல் ருசி. ஓப்பன் வாட்டரில் 18 மீட்டராக இருந்த வரம்பு 30 ஆகிறது. நம் உடம்பு தண்ணீருக்குள் நிற்கும் விதம் அந்த ஐந்து டைவில் பெரிதாக மாறிவிடுவதில்லை. நான் அட்வான்ஸ்டு தேர்ச்சி அட்டையோடு பவளப்பாறைக்கு மேலே காலில் மாட்டிய ஃபின்னால் மணலைக் கிளப்பிக்கொண்டே போனவன். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. ஒரு கிளையை உடைத்தும்விட்டேன். அந்தச் சத்தம் இன்னும் மனதில் இருக்கிறது.

ஜனவரி 5, மதியம்

கேட்டவரின் பதில்: "மேலே வருமுன் 5 மீட்டரில் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பில் ஒன்றரை மீட்டர் மேலும் கீழும் போகிறேன். 10 கிலோ எடை கட்டுகிறேன்."

அப்படியானால் முதலில் எடையைச் சரிபாருங்கள். வேறு எந்தப் படிப்பும் இதற்குப் பிறகுதான்.

டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் (அழுத்த அளவு) இருக்கும்போது, மேற்பரப்பில் பிசிடியை முழுக்கக் காலிசெய்து, அசையாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்க வேண்டும். மூச்சு உள்ளே இருக்கும்போதே கல் மாதிரி இறங்கினால் எடை அதிகம். ஒரு கிலோவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

முடிவில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், காற்றுக்கும் எடை உண்டு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2200 லிட்டர் காற்று. லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் வைத்தால் இரண்டரை கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது, நாம் அந்த அளவுக்கு இலேசாகிவிடுகிறோம். தொடக்கத்தில் சரியாக இருந்த எடை முடிவில் போதாது. அந்தப் பயத்தில்தான் பலர் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறார்கள். கூடுதல் எடையைத் தாங்க பிசிடியில் கூடுதல் காற்று விட வேண்டும். அந்தக் காற்று மேலே வரும்போது விரிகிறது, கீழே போனால் சுருங்குகிறது. உங்கள் ஒன்றரை மீட்டர் ஊசலாட்டம் அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 8

நைட்ராக்ஸ் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

மற்ற எல்லாவற்றையும்விட எளிய படிப்பு இதுதான். பெரும்பாலும் வகுப்பறை வேலை. ஒரே நாளில் முடிந்துவிடும். ஆகவே வரிசையில் இதற்கு இடம் தேட வேண்டாம், எடைச் சோதனை நடக்கும் அதே வாரத்தில் எடுக்கலாம்.

ஆனால் எதற்கு என்று தெரிந்து எடுங்கள். "நைட்ராக்ஸ் இருந்தால் இன்னும் ஆழம் போகலாம்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். உண்மை நேர் எதிர். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். 32 சதவீதக் கலவையில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம், மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 33 மீட்டரைத் தாண்டியதும் 1.4 பார் வரம்பை எட்டிவிடும். 36 சதவீதம் என்றால் ஏறக்குறைய 28 மீட்டரிலேயே. வரம்பு மீறினால் வலிப்பு வரலாம். முன்னெச்சரிக்கை எதுவும் இல்லாமலே வரலாம். தரையில் வலிப்பு வந்தவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார், தண்ணீருக்கு அடியில் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழுந்துவிடும்.

கிடைப்பது நேரம். கீழே தங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது உடம்பில் சேரும் நைட்ரஜன், இந்தக் கலவையில் அது குறைவு. 32 சதவீதத்தில் 30 மீட்டர் இறங்கினால், நைட்ரஜன் கணக்கில் அது காற்றோடு 24.4 மீட்டர் போனதற்குச் சமம். பாடி அட்டவணைப்படி, வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வரத் தங்கக்கூடிய நேரம் காற்றில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 25 மீட்டருக்கு 29 நிமிடம். அந்த ஒன்பது நிமிடம்தான் லாபம். ஒரு நாளில் மூன்று நான்கு டைவ் போகிறவருக்கு இது பெரிய விஷயம். 12 மீட்டரில் நிதானமாக மீன் பார்ப்பவருக்கு, நேரம் முடிவதற்குள் காற்று முடிந்துவிடும். அவருக்கு அவசரமில்லை.

ஒன்றில் மட்டும் சமரசமே கூடாது. உங்கள் சிலிண்டரில் உள்ள ஆக்சிஜனை நீங்களே அனலைசரில் அளந்து, சதவீதத்தையும் அதிகபட்ச ஆழத்தையும் உங்கள் கையால் எழுதுங்கள். ஒருமுறை 32 என்று ஒட்டியிருந்த சிலிண்டரை அளந்தேன், 37 காட்டியது. 30 மீட்டருக்குக் கீழே போகத் திட்டம் போட்டிருந்தோம். நிரப்பியவர் நல்ல மனிதர், அன்று கைதவறிவிட்டது. அளக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஜனவரி 9

"நைட்ராக்ஸில் டைவ் பண்ணினால் அசதி இல்லையே, அதை ஏன் எழுதவில்லை?" என்று ஒருவர் கேட்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றும். தோன்றுகிறது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அது நிரூபணம் ஆகவில்லை. அதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

ஜனவரி 14

இனி டீப். நண்பர் சொன்ன 40 மீட்டர்.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. எழுதிவிடுகிறேன். 34ஆவது டைவில் என்னை 38 மீட்டருக்கு ஒரு பயிற்றுநர் கூட்டிப்போனார். படிப்பின் பகுதியாகத்தான். கீழே போனதும் எல்லாம் அருமையாக இருந்தது. சிரிக்க வேண்டும் போல இருந்தது. பிரஷர் காட்டியைப் பார்த்தேன், 110. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், மறுபடி 110. உண்மையில் இரண்டாம் முறை நான் பார்க்கவே இல்லை, முதலில் பார்த்த எண் மண்டையில் தங்கியிருந்தது. பயிற்றுநர் என் கையைப் பிடித்துக் காட்டியபோது 70. நைட்ரஜன் மயக்கம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். மயக்கம் என்றால் தலை சுற்றும் என்று நினைத்திருந்தேன். தலை சுற்றவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிச்சயம்தான் மயக்கம்.

போவதற்கு முன் என்னிடம் யாரும் காற்றுக் கணக்குக் கேட்கவில்லை. அதுதான் என் ஆற்றாமை. ஆழப் படிப்பின் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. போட்டுக்காட்டுகிறேன்.

30 மீட்டரில் அழுத்தம் 4 பார். அங்கே கூட டைவ் பண்ணும் துணையின் காற்று தீர்ந்துபோய், ஒரே சிலிண்டரில் இருவரும் மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மேற்பரப்பில் மூச்சு விட நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று என்றால் இருவருக்கும் 30. கீழே நிதானமாக ஒரு நிமிடம்: 4 × 30 = 120 லிட்டர். மேலேறுவது நிமிடத்துக்கு 9 மீட்டர், நான்கு நிமிடம் என்று வைப்போம், சராசரி அழுத்தம் 2.5: 300 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடம், 1.5 பார்: 135 லிட்டர். மொத்தம் 555. 12 லிட்டர் சிலிண்டரில் 46 பார். ஆக வழக்கமாகச் சொல்லும் 50 பார் சரியாக இருக்கிறது.

ஜனவரி 15

மேலே உள்ள கணக்கைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். தப்பு. அழிக்காமல் விடுகிறேன், எந்த இடத்தில் தப்பு என்று தெரிய வேண்டும்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் என்பது அமைதியாக மீன் பார்க்கும்போது நான் எடுக்கும் மூச்சு. காற்று தீர்ந்த ஒருவர் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நான் அப்படியா மூச்சு விடுவேன்? அவர் விடுவாரா? ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியதும் இரவு தூக்கம் வரவில்லை. ஆளுக்கு 30 லிட்டர் என்று வையுங்கள். எல்லாம் இரட்டிப்பாகிறது: 1110 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 92 பாருக்கு மேல். 11 லிட்டரில் 100 பார்.

அதாவது 30 மீட்டரில் காட்டி 100ஐத் தொட்டதும் மேலே கிளம்ப வேண்டும். 50 பார் என்பது படகில் ஏறும்போது மிச்சம் இருக்க வேண்டிய அளவு. அதை வைத்துக்கொண்டு ஆழத்திலிருந்து கிளம்ப முடியாது. பல வருடம் இதைக் குழப்பிக்கொண்டிருந்தேன், நேற்று எழுதும்போதும் குழப்பினேன்.

டீப் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை உங்கள் மூச்சளவோடு, உங்கள் சிலிண்டரோடு காகிதத்தில் போட்டுப்பாருங்கள். போட்டதும் 40 மீட்டரில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று தெரியும். அங்கே அழுத்தம் 5 பார். அட்டவணையில் காற்றோடு 9 நிமிடம்.

ஜனவரி 22

ரெஸ்க்யூவுக்குத் திரும்புகிறேன். முதல் நாள் கதையோடு நிறுத்திவிட்டேன், படிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

முதலுதவியும், நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சிபிஆரும் தெரிந்திருக்க வேண்டும். கடந்த 24 மாதத்துக்குள் அந்தப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடவே எடுத்துக்கொள்ளலாம். பிறகு தண்ணீரில்: களைத்தவரை இழுத்து வருவது, பீதியில் இருப்பவரை அணுகுவது, காணாமல் போனவரைத் தேடுவது, நினைவிழந்தவரைக் கீழேயிருந்து கொண்டுவருவது, மேற்பரப்பில் ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு கொடுத்துக்கொண்டே அவருடைய கருவிகளைக் கழற்றியபடி கரைக்கோ படகுக்கோ சேர்ப்பது.

அந்தக் கடைசி ஒன்றுதான் ஆளை உருக்கிவிடும். மூச்சு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஒரு பக்கிளை அவிழ்க்க வேண்டும், மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும், நீந்தவும் வேண்டும். முதல் தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை பக்கிளோடு போராடிக்கொண்டிருந்ததில் என் கையில் இருந்தவரின் முகம் தண்ணீருக்குள் போய்விட்டது. பயிற்சிக்கு நடித்தவர்தான், எழுந்து இருமினார். எனக்குக் கை நடுங்கியது. நான்காம் தடவை வந்தது.

வேறொரு மாற்றமும் நடந்தது. படகில் ஏறியதும் யார் அதிகம் பேசுகிறார், யார் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார், யார் ஒரே பட்டையை மூன்று முறை சரிசெய்கிறார் என்று கண் தானாகப் போக ஆரம்பித்தது. பெரும்பாலான மீட்பு தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. "இன்னிக்கு வேண்டாம்னா வேண்டாம், நானும் இறங்கல, மேலயே உக்காருவோம்" என்று ஒருவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியை என் எந்த அட்டையும் எனக்குத் தந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. அலையே இல்லாத நீச்சல்குளத்திலேயே முழுவதையும் முடித்துத் தருகிறோம் என்றால் வேறு இடம் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு பயிற்றுநர், திறந்த நீர், தப்பு செய்ய நேரம். இவ்வளவும் கேட்டு உறுதிசெய்துகொண்டு சேருங்கள்.

ஜனவரி 23

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்: "எனக்கு உடம்பு வலு குறைவு, என்னால் முடியுமா?" முடியும். எங்கள் குழுவில் மிகச் சின்ன உருவம் கொண்டவர்தான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். பீதியில் இருப்பவரின் பின்பக்கம் போய், முழங்காலால் சிலிண்டரை அணைத்துக்கொண்டு, அவருடைய பிசிடியில் காற்றை நிரப்பினார். வேலை முடிந்தது. மிதக்க ஆரம்பித்ததும் ஆள் அமைதியாகிவிடுகிறார். பலம் வைத்துப் போராடியது நான்தான், தோற்றதும் நான்தான்.

பிப்ரவரி 1

டைவ்மாஸ்டர். கேட்டவர் கடைசியில் ஆக நினைப்பது இதுதான், அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அது தொழில்முறைப் படி. பாடியில் 18 வயது, ரெஸ்க்யூ, தொடங்க 40 டைவ், முடிக்க 60. 400 மீட்டர் நீச்சல், ஸ்நார்க்கலோடு 800 மீட்டர், கால் மணி நேரம் மிதப்பது, களைத்தவரை 100 மீட்டர் இழுப்பது, ஒரே ரெகுலேட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டே கருவிகளைத் துணையோடு மாற்றிக்கொள்வது எல்லாம் உண்டு. அதற்கப்புறம் உங்கள் டைவ் உங்களுடையதாக இருக்காது. அடுத்தவர் மாஸ்க், அடுத்தவர் காற்று, அடுத்தவர் பயம். அது பிடித்திருந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போகலாம். நன்றாக டைவ் பண்ணக் கற்றுக்கொள்ள என்று போகிறவர்கள் பாதியில் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். 40 டைவ் என்பது தகுதிக்கான எண், எட்டுப் பேரைக் கூட்டிப்போகப் போதுமா என்றால் என் மனம் ஒப்பவில்லை. எனக்கு 140இல்தான் துணிவு வந்தது.

மாஸ்டர் ஸ்கூபா டைவர் என்ற அட்டை இதிலிருந்து வேறு. ரெஸ்க்யூ, ஐந்து சிறப்புப் படிப்புகள், 50 டைவ். தொழில் பொறுப்பு கிடையாது. ஐந்தையும் உங்களுக்குத் தேவைப்பட்டதாகத் தேர்ந்தால் நல்லது. எண்ணிக்கைக்காக எடுத்தால் ஐந்து மெல்லிய அறிவு சேரும். இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது, ஆனால் என்னிடமே அப்படி இரண்டு இருக்கிறது. அவற்றில் என்ன படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிப்ரவரி 2

குகை, மூழ்கிய கப்பலின் உள்பகுதி: தலைக்கு மேல் கூரை இருக்கும் எந்த இடத்துக்கும் அட்வான்ஸ்டு அட்டையோ ரெஸ்க்யூ அட்டையோ செல்லாது. வழிகாட்டும் கயிறு, மாற்று விளக்குகள், காற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே போகச் செலவழிக்கும் விதி, இதெல்லாம் தனிப் படிப்பு. கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப்பார்க்கக்கூட வேண்டாம்.

பிப்ரவரி 2, பின்னிரவு

ஜியூஇ (GUE) என்ற பயிற்சி அமைப்பின் ஃபண்டமெண்டல்ஸ் படிப்பு பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டவருக்கு: பேசியிருக்க வேண்டும். உடலைக் கிடைமட்டமாக வைப்பது, தவளை உதைப்பு, பின்னோக்கி நீந்துவது, காற்றுத் திட்டமிடல் என்று அடிப்படைக்கே திரும்பும் படிப்பு. கடினமானது, சிலர் முதல் தடவையில் தேறுவதில்லை. எடைச் சோதனைக்குப் பிறகும் உங்கள் ஊசலாட்டம் தீரவில்லை என்றால், ரெஸ்க்யூவுக்கு முன்னால் இதையோ, ஒரு நல்ல மிதவைக் கட்டுப்பாட்டுப் படிப்பையோ எடுங்கள். 5 மீட்டரில் தன்னை நிறுத்தத் தெரியாதவர் இன்னொருவரைத் தூக்கி வரும்போது இருவருமே கட்டுப்பாடில்லாமல் மேலே பறப்பார்கள்.

பிப்ரவரி 19

கேட்டவர் எழுதியிருக்கிறார்: எடை 10 கிலோவிலிருந்து 7 ஆகிவிட்டதாம். ஊசலாட்டம் அரை மீட்டருக்குள் வந்துவிட்டது. நைட்ராக்ஸ் முடித்துவிட்டார். ரெஸ்க்யூவுக்கு இன்னும் பத்து டைவ் பொறுக்கப்போகிறாராம். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பத்து டைவில் என்ன செய்வது என்று கேட்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மிதவைக் குறி, அதாவது காற்று ஊதிக் கயிற்றோடு மேலே விடும் குழாய், அனுப்பப் பழகுங்கள். நீரோட்டம் தள்ளிக்கொண்டு போய், படகு நம்மைப் பார்க்காமல் தாண்டிப்போகும் நிலை வரும்போது கையில் இருக்க வேண்டிய ஆயுதம் அந்த ஆரஞ்சுக் குழாய்தான். எனக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டிவந்தது.

5 மீட்டரில் தொடங்குங்கள், துணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. முதலில் தலைக்கு மேல் படகு இல்லை என்று பாருங்கள். கயிறு சுற்றிய ரீலை உடம்பில் எங்கும் மாட்டாதீர்கள், சிக்கிக்கொண்டால் குறியோடு சேர்ந்து நீங்களும் மேலே போய்விடுவீர்கள். கையில் பிடியுங்கள், சிக்கினால் விட்டுவிடுங்கள். குழாயில் கொஞ்சமே காற்று விட்டால் போதும், மேலே போகப் போகத் தானே விரியும். காற்று விடும்போது நுரையீரல் காலியாகி நீங்கள் அரையடி இறங்குவீர்கள், அது இயல்புதான், பதறிப்போய் பிசிடி பொத்தானை அழுத்த வேண்டாம். முதல் மூன்று தடவை கயிறு கண்டிப்பாகச் சிக்கும். நான்காவது எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள்.